மாமனாரை மறந்த சதி

1962 ஜனவரி 2ஆம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘இசட் கார்ஸ்’ என்றொரு பொலிஸ் நாடகம் தொடங்கியது. லிவர்பூலுக்குப் பக்கத்து ஊரொன்றை மனதில் வைத்து எழுதிய கதை. காரில் ரோந்து போகும் கான்ஸ்டபிள்மார், அவர்களுடைய கோபதாபம், வீட்டுச் சண்டை எல்லாம் அதில் வரும். முதல் கதையிலேயே ஒரு கான்ஸ்டபிளின் மனைவிக்குக் கண் கறுத்து வீங்கியிருந்தது. அடித்தவன் அந்தக் கான்ஸ்டபிள்தான். பொலிஸின் மானம் போய்விட்டதென்று லங்காஷயர் பொலிஸ் தலைவர் நேரே லண்டனுக்குப் போய் முறையிட்டார். அதற்கு முன்பு ஆங்கிலேயர் பார்த்துப் பழகிய பொலிஸ்காரர் ‘டிக்சன் ஒஃப் டொக் கிரீன்’ டிக்சன். தங்கமான மனிதர். 1950இல் வந்த சினிமாவில் சுடப்பட்டு மௌத்தானவரை 1955இல் எழுப்பித் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து 1976 வரை ரோந்து விட்டார்கள். கடைசியில் அந்த நடிகருக்கு வயது எண்பது. நம் ஊர்க் கிராம சேவகர்கூட அந்த வயதுவரை கதிரையில் தாக்குப்பிடிப்பதில்லை.

அந்த ஜனவரியில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? இலங்கைக்குத் தொலைக்காட்சி வர 1979 ஆகவேண்டும். கல்முனையில் பார்ப்பதற்குக் கடல் இருந்தது, கேட்பதற்கு ரேடியோ இருந்தது. அம்பாறை மாவட்டத்துக்கே இன்னும் ஒரு வயது நிறையவில்லை; 1961 ஏப்ரலில்தான் மட்டக்களப்பிலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளுகிற காலம். சம்மாந்துறை, நிந்தவூர்ப் போடியார்மாருக்கு அறக்கொட்டியானை விட்டால் வேறு எதிரி கிடையாது. இப்படி நாடு தன் பாட்டில் இருந்தபோது, தொலைக்காட்சி இல்லாத குறையைப் போக்குவதுபோலக் கொழும்பிலே பொலிஸ் பெரியவர்களும் இராணுவப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு நாடகத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். ஜனவரி 27, சனிக்கிழமை இரவு. அரசாங்கத்தைக் கவிழ்க்கும் நாடகம். ஒத்திகை இல்லை, இடைவேளை இல்லை, கடைசியில் பார்த்தால் நாடகமும் இல்லை.

நடிகர் பட்டியலை வாசித்தாலே வாய் ஊறும். கேணல் எப்.சி. டி சேரம்: வழக்கறிஞர், தொண்டர் படைக்காரர், இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர், 1934இல் ஒக்ஸ்போர்டுக்காக ஆடி அவுஸ்திரேலியருக்கு எதிராகச் சதமடித்தவர். ரொய்ஸ் டி மெல்: கடற்படைத் தளபதியாயிருந்து 1960இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய சகோதரர் மொறிஸ் டி மெல்: இராணுவக் கேணல். சிட்னி டி சொய்சா: ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மா அதிபர். டக்ளஸ் லியனகே: நிர்வாக சேவை அதிகாரி, பைல் தூக்கும் உத்தியோகத்திலிருந்து துப்பாக்கிக் கூட்டத்துக்கு வந்தவர். இவர்களுக்கு நடுவில் பொலிஸ் பக்கத்துக் கதாநாயகன், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி.சி. திசாநாயக்க. செல்லப் பெயர் ‘ஜங்கிள்’. இவருடைய சகோதரர் எஸ்.ஏ. திசாநாயக்கவும் பிரதிப் பொலிஸ் மா அதிபர்தான். குற்றப் புலனாய்வுப் பகுதிக்குப் பொறுப்பானவர். அவருடைய செல்லப் பெயர் ‘ஜிங்கிள்’. இதை நான் கட்டிச் சொல்லவில்லை. சதியின்படி அன்றிரவு பிடித்து அடைக்கவேண்டியவர்களின் வரிசையில் குற்றப் புலனாய்வுப் பகுதிப் பிரதிப் பொலிஸ் மா அதிபரும் இருந்தார். ஜங்கிளின் ஆட்கள் ஜிங்கிளைப் பிடிக்கவேண்டும். இப்படியொரு கதையை எந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டுபோனாலும், பெயரையாவது மாற்றிக்கொண்டு வா தம்பி என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

முடிவில் வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் 24 பேர். 12 சிங்களவர், 6 தமிழர், 6 பறங்கியர். இன ஐக்கியத்துக்கு இந்த நாட்டில் இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. முஸ்லிம் ஒருவரும் இல்லை. ‘எமது சமூகம் என்றென்றும் அரசுக்கு விசுவாசமானது’ என்று மேடையில் முழங்குவதற்கு நல்ல ஆதாரம். உண்மையைக் கேட்டால், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவதற்குக் கேணல் பதவியில் ஆள் இருக்கவேண்டுமே. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சீருடை போட்ட பெரிய மனிதர் என்றால் தபால்காரர்தான்.

இவர்களுக்கு என்ன கோபம்? நீளமான கோபம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளைக்காரன் போகும்போது நாட்டைத் தங்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான் என்று ஒரு வட்டாரம் நம்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் பேசுகிற, பெரும்பாலும் கிறிஸ்தவர்களான, மாலையில் கிளப்புக்குப் போகிற வட்டாரம். 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வந்து சிங்களம் மட்டும் என்றார். 1959இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1960இல் அவருடைய மனைவி சிறிமாவோ உலகத்தின் முதல் பெண் பிரதமரானார். கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1961இல் மட்டக்களப்புக் கச்சேரி வாசலிலும் வடக்கிலும் சத்தியாக்கிரகம், அவசரகாலச் சட்டம், வேலைநிறுத்தங்கள். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டது இராணுவத்தையும் பொலிஸையும். நாட்டை நடத்துவதே நாங்கள்தான், அப்படியானால் நாங்களே நடத்தினால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பொலிஸ் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு புண்ணும் இருந்தது. 1959இல் பொலிஸ் மா அதிபர் கதிரை காலியானபோது, வரிசையில் நின்ற பிரதிகளைத் தாண்டி, பொலிஸ் சீருடையே போட்டிராத டபிள்யூ.எப். அபேகோனைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார் பண்டாரநாயக்க. பதவி உயர்வு தவறிய உத்தியோகத்தரின் கோபம் எப்படியிருக்கும் என்று கல்முனைக் கல்விக் கந்தோர்ப் பக்கம் போய்க் கேட்டால் சொல்வார்கள். அங்கே மொட்டைப் பெட்டிசம் எழுதுவார்கள். இவர்களிடம் கவச வாகனம் இருந்தது.

திட்டத்துக்கு ‘ஒப்பரேஷன் ஹோல்ட்ஃபாஸ்ட்’ என்று பெயர். சங்கேதச் சொல் ‘பிரிட்டிஷ் கிரெனேடியர்’. சுதந்திரம் கிடைத்துப் பதினாலு வருடம். அரசைப் பிடிக்கப் போகிற இலங்கையன், இருட்டில் இன்னொரு இலங்கையனைச் சந்தித்தால் பிரிட்டிஷ் படைவீரனின் பெயரைச் சொல்லவேண்டும். இரவோடிரவாகப் பொலிஸ் கார்கள் ஒலிபெருக்கியுடன் கிளம்பி ஊரடங்கை அறிவிக்கும். தொலைபேசி நிலையமும் தந்தி அலுவலகமும் செயலிழக்கும். பனாகொடை முகாமிலிருந்து விசுவாசமான படைகள் நகரத்துக்குள் வந்துவிடாதபடி பாலங்களில் கவச வாகனங்கள் நிற்கும். அமைச்சர்மார், பாதுகாப்புச் செயலாளர், பொலிஸ் மா அதிபர், கடற்படைத் தளபதி எல்லாரும் விடியுமுன் காவலில் இருப்பார்கள். இங்கிலாந்துப் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி அச்சொட்டான திட்டம்.

கவனித்தீர்களா, எல்லாம் கொழும்புப் பாலம், கொழும்பு வீதி, கொழும்பு டெலிபோன். காலி முகத்திடலிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஒரு நாடு கிடக்கிறதே, அதை என்ன செய்வது என்பது பற்றிப் பெரிய கவலை தெரியவில்லை. கொழும்பைப் பிடித்தால் கல்முனை தானாக வரும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், மறுக்கமாட்டேன். வந்த அரசாங்கங்கள் எல்லாம் அதே கணக்கில்தான் நடக்கின்றன. அன்றைக்கு அந்தச் சதி வென்றிருந்தால் எங்கள் ஊருக்கு எப்படித் தெரியவந்திருக்கும்? விடிய ரேடியோவைத் திருகியிருப்பார்கள், யாரோ ஒரு கேணல் இங்கிலீஸில் பேசியிருப்பார், தேத்தண்ணிக் கடையில் ஒருவர் “இவர் எந்தக் கட்சி?” என்று கேட்டிருப்பார்.

இனித்தான் கதையின் உயிர்நாடி.

கொழும்புப் பொலிஸின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி சேனநாயக்க. அவர் கைகோக்காமல் கொழும்பு வீதிகளை அடைப்பது கஷ்டம். ஆகவே குறித்த நாள் நெருங்கியபோது ஜங்கிள் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மேலதிகாரி, நம்பிச் சொல்கிறார். சேனநாயக்க கேட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போனார். மனைவி மாயாவிடம் சொன்னார். மாயா தன் தகப்பனாரிடம் சொன்னார். தகப்பனார் பி.டி.எஸ். குலரத்ன, ஆனந்தா கல்லூரியின் பழைய அதிபர், ஆளும் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர். பொலிஸ் மா அதிபருக்கும் அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்கும் சேதி எட்டியது. முடிந்தது. கவச வாகனம், சங்கேதச் சொல், பாலம், டெலிபோன், ஒக்ஸ்போர்ட், கிரிக்கெட் சதம் எல்லாம் ஒரு மகள் வாப்பாவோடு கதைத்ததில் போய்ச் சேர்ந்தது.

இதிலே எனக்கு ஆச்சரியம் சேனநாயக்க மீது இல்லை. ஜங்கிள் மீதுதான். இத்தனை வருடம் பொலிஸில் இருந்தவர், ஒரு இரகசியத்தை ஒருவரிடம் சொல்லுமுன் அவர் மாமனார் யார் என்று பார்க்கவேண்டாமா? எங்கள் கரையில் பிறந்த எந்த ஆம்பிளையும் இந்தத் தவறைச் செய்யமாட்டான். இங்கே கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு. வாப்பா கடனோ உடனோ பட்டு மூத்தவளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார், கையோடு பின்வளவில் இளையவளுக்கு அத்திவாரம் வெட்டுவார். மாப்பிள்ளை பெட்டியும் கையுமாக வந்து குடியேறுவார். முஸ்லிம் என்றும் தமிழர் என்றும் இந்த வழக்கம் பார்ப்பதில்லை. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் ஒரே கதைதான். வீடு பெண்சாதியுடையது, வளவு பெண்சாதியுடையது, கிணற்றடி மாமிக்குச் சொந்தம். மாமனார் அடுத்த வளவில் சாய்மனைக் கதிரையில் இருப்பார், நடுவேலியில் ஒரு கடப்பு இருக்கும். இந்த அமைப்பில் ஒரு மாப்பிள்ளை அரசாங்கத்தைக் கவிழ்ப்பது கிடக்கட்டும், கூட்டாளிக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்ததையே மறைக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமைச் சமாச்சாரம் சாய்ந்தமருதில் நடந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

“என்ன இஞ்ச, சோத்த வச்சிக்கிட்டு மோட்டப் பாத்துக்கிட்டு இரிக்கீங்க?”

“ஒண்டுமில்லகா.”

“ஒண்டுமில்லாமலா முள்ளோட மீனத் தின்னுறீங்க?”

“டீ.ஐ.ஜீ. ஐயா ஒரு கத சொன்னாரு.”

“மறுகா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பாலத்தையும் ஒருவரும் அடைக்கப்போவதில்லை. கை கழுவித் துடைக்கு முன்னே கதை கடப்பைத் தாண்டியிருக்கும். இஷாவுக்குப் பள்ளிக்குப் போன மாமனார் தங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காயரின் காதில் போட்டிருப்பார். மரைக்காயர் நேரே பிரதமரிடம் போயிருக்கமாட்டார். முதலில் இந்த மாப்பிள்ளை எந்தக் குடி, அவனுக்கு இதிலே என்ன வேலை என்று ஒரு விசாரணை வைத்திருப்பார்.

2002இல் ‘த பில்’ என்ற இன்னொரு நெடுங்காலப் பிரிட்டிஷ் பொலிஸ் தொடரில், பார்வையாளர் அலுத்துப் போகிறார்களே என்று ஒரே தீயில் ஆறு பொலிஸாரைக் கொன்றார்கள். பெட்ரோல் குண்டு வீசியதும் அதே நிலையத்துக் கான்ஸ்டபிள்தான். சன் ஹில் என்ற அந்தக் கற்பனைப் பொலிஸ் நிலையம் 1984 முதல் 2010 வரை இருந்தது. அத்தனை வருடக் கதையிலும் துரோகம், கொலை, இலஞ்சம் எல்லாம் வந்தன. மாமனாரால் கவிழ்ந்த சதி வந்ததாக எனக்கு நினைவில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளருக்கு அது வராது. அங்கே மாப்பிள்ளை மாமனாரைப் பார்ப்பது நத்தாருக்குத்தான்.

அந்த ஜனவரி 27 இரவு அலரி மாளிகையில் விளக்கு அணையவில்லை. கதாநாயகன் பீலிக்ஸ், வயது 31. நிதி அமைச்சர், பாதுகாப்புக்குப் பாராளுமன்றச் செயலாளர், பிரதமரின் கணவருக்கு மருமகன் முறை. அதிகாரிகளை ஒவ்வொருவராக வரவழைத்து, சட்டத்தரணிக்குரிய தோரணையில் தானே விசாரித்தார். பிரதமரின் உத்தியோக இல்லமே பொலிஸ் நிலையமாகிவிட்டது. பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டியவர்கள் சந்தேக நபராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பவேண்டிய வாகனம் கிளம்பவில்லை. ஒரு வெடிகூடக் கேட்கவில்லை. பிடிபட்டவர்கள் வெலிக்கடைக்குத் தனித்தனி அறைகளுக்குப் போனார்கள். அவர்களில் பலர் அந்தச் சிறைக்கு ஆள் அனுப்பிப் பழகியவர்கள், உள்ளே படுத்துப் பழகியவர்கள் கிடையாது.

பெப்ரவரியில் கதை மேல்மாடிக்கு ஏறியது. விசாரணையில் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் பெயரும் வந்ததென்று பீலிக்ஸ் பாராளுமன்றத்தில் சொன்னார். குணதிலக்க சாதாரண ஆள் கிடையாது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே எல்லாக் கதவுக்கும் திறப்பு வைத்திருந்தவர். அவர்மீது வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. மார்ச் மாதம் பிறந்ததும் அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார். யார் அவர்? வில்லியம் கோபல்லாவ. பிரதமருக்கு மாமா முறை. இந்த வருடத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் பின்னால் ஒரு உறவினர் நிற்கிறார். எங்கள் பக்கத்தில் குடி வழியாகப் பள்ளி நிர்வாகம் நடப்பதைப் பார்த்துக் கொழும்புப் பத்திரிகைகள் சிரிப்பதுண்டு. நாடே அப்படித்தான் நடந்தது, பள்ளியில் குறைந்தபட்சம் மரைக்காயர் இன்ன குடிக்காரர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்.

இனிச் சட்டம். அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். சதி செய்தார்கள் சரி, ஆனால் ஒன்றும் நடக்கவில்லையே. இருக்கிற சட்டப்படி போனால் இவர்கள் நழுவிவிடலாம். ஆகவே மார்ச்சில் புதிதாக ஒரு சட்டம் எழுதினார்கள்: 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம். மார்ச்சில் நிறைவேறிய சட்டம் ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகப் பாவனை. மழை விட்ட பிறகு குடை வாங்கி, நேற்று நனையவில்லை என்று பற்றுச்சீட்டும் வாங்குவது இதுதான். பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கலாம். குற்றவாளி என்றால் குறைந்தது பத்து வருடம், சொத்தும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிகரம்: வழக்கை விசாரிக்கும் மூன்று நீதியரசர்களையும் நீதி அமைச்சரே தெரிவு செய்வார். நடுவரையும் தானே நியமித்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிற அணியைச் சந்தாங்கேணி மைதானத்தில்கூட இறங்க விடமாட்டார்கள்.

இதற்கிடையில் கதாநாயகனுக்கே ஒரு கண்டம். அதைச் சொல்லாமல் எப்படி விடுவது, நெல்லோடு சம்பந்தப்பட்ட கதையாயிற்றே. ஜூலையில் நிதி அமைச்சர் பீலிக்ஸ் வரவு செலவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கூப்பன் அரிசியில் கை வைத்தார். கிழமைக்கு இரண்டு கொத்தை ஒன்றரைக் கொத்தாக்கலாம் என்றார். சொந்தக் கட்சிக்காரரே பாய்ந்து விழுந்தார்கள். அரிசி குறைப்பைத் திரும்பப் பெற்றார்கள், பீலிக்ஸ் ஓகஸ்டில் நிதி அமைச்சைத் துறந்தார். கேணல்மாரும் கவச வாகனமும் பிரிட்டிஷ் கிரெனேடியரும் சேர்ந்து அசைக்க முடியாத மனிதரை அரைக் கொத்து அரிசி அசைத்துவிட்டது. சதிகாரர் முன்னாடியே எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இந்த நாட்டில் அரசாங்கத்தை ஆட்டவேண்டுமானால் தொடவேண்டியது டெலிபோன் நிலையத்தை இல்லை, சோற்றுக் கோப்பையை.

நீதிமன்றக் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடுகிறேன், நடந்த வேகம் அதற்கு நேர் எதிர். முதல் அமர்வில் இருந்த மூன்று நீதியரசர்களும் ஒக்டோபரில் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: அமைச்சர் எங்களை நியமித்தது செல்லாது, ஆகவே எங்களுக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை. எழுந்து போய்விட்டார்கள். தங்களுக்குக் கிடைத்த வேலையைத் தாங்களே செல்லாது என்று சொல்லும் உத்தியோகத்தரை அதற்கு முன்பும் பின்பும் நான் கேள்விப்பட்டதில்லை. நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதம நீதியரசரிடம் கொடுத்தார்கள். இரண்டாவது அமர்வு கூடியது. அதிலே ஒரு நீதியரசர், புலனாய்வு நடந்த காலத்தில் சட்டமா அதிபராக இருந்து உதவியவர் என்று தெரியவந்தது. அதுவும் கலைந்தது. 1962 முடிந்துபோனது, வழக்கின் முதல் சாட்சி கூண்டில் ஏறவில்லை.

மூன்றாவது அமர்வு 1963 ஜூனில் தொடங்கி 324 நாள் இருந்தது. அதற்குள் சாட்சிகளுக்கு நரை விழுந்தது, 1965 மார்ச்சில் ஆட்சி மாறி டட்லி சேனநாயக்க வந்தார், சிறிமாவோ எதிர்க்கட்சிக்குப் போனார். கவிழ்க்கப் போன அரசாங்கத்தை ஜனங்களே வாக்குப் போட்டுக் கவிழ்த்த பிறகு, ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: 11 பேர் குற்றவாளிகள், பத்து வருடம். துப்பாக்கியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தால், விரலில் மையைப் பூசிக்கொண்டு போய் வந்திருக்கலாம்.

பதினொரு பேரும் லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனார்கள். 1965 டிசம்பரில் பியர்ஸ் பிரபு தீர்ப்பை வாசித்தார். குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து, நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்னாலிருந்து சட்டம் எழுதி, நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றமே செய்துவிட்டது, அது செல்லாது, எல்லாரும் விடுதலை. பிரிட்டிஷ் காலத்தை நினைத்து ஏங்கியவர்களைக் கடைசியில் பிரிட்டிஷ் நீதியே கைதூக்கிவிட்டது. ‘லியனகே எதிர் மகாராணி’ என்ற பெயரில் அந்த வழக்கை இன்றைக்கும் உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சதியாகத் தோற்றது, பாடப்புத்தகமாக வென்றது. 1966இல் இரண்டாவது தொடராக இன்னொரு சதி வழக்கு வந்தது. இந்தத் தடவை சந்தேக நபர்களில் இராணுவத் தளபதியும் ஒரு பிக்குவும். அதிலும் விடுதலைதான். முதலாவதின் விறுவிறுப்பு அதற்கு இல்லை.

லியனகே தீர்ப்பைக் கேட்டு மனம் குளிர்ந்தவர் ஒருவர் எங்கள் ஊரிலும் இருந்தார். கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். கல்முனை அரசியலில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் முதியவர்கள் சாறனை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களின் இலஞ்சத்தை விசாரித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு, அவர்மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டதென்று 1960இல் அறிக்கை கொடுத்தது. கல்முனை மக்கள் அறிக்கையை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு 1965 மார்ச்சில் அவரையே தெரிவு செய்து அனுப்பினார்கள். அதே வருடம் பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஆணைக்குழு பெயர் சொன்னவர்களின் குடியியல் உரிமைகளைப் பறித்தது. காரியப்பரின் ஆசனம் போனது. அவர் விடவில்லை. என்னை உறுப்பினராக ஏற்று என் கொடுப்பனவைத் தா என்று பாராளுமன்ற எழுதுவினைஞருக்கு எதிராகவே வழக்குப் போட்டு, லண்டன் வரைக்கும் போனார்.

வாதம் அசல் லியனகே வாதம்: குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்த சட்டம், நடந்து முடிந்ததற்குத் தண்டனை, பாராளுமன்றம் நீதிமன்றத்தின் வேலையைச் செய்துவிட்டது. நம் ஊர்ப் பெட்டிசம் எழுதுகிறவருக்கும் புரிகிற நியாயம். 1967இல் பிரிவிக் கவுன்சில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இல்லை, அது வேறு இது வேறு என்றது. இது தண்டனை அல்லவாம், பாராளுமன்றம் தன் வீட்டைத் தானே கூட்டிச் சுத்தம் செய்ததாம். போதாததற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறிய சட்டமாம். மேன்முறையீடு தள்ளுபடி. அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போனவர்கள் லண்டனிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார்கள். மாதக் கொடுப்பனவு கேட்கப் போன கல்முனைக்காரர் வெறுங்கையோடு வந்தார். சட்டம் படித்தவர்கள் இரண்டு தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விரிவாக விளக்குவார்கள், விளக்கம் சரியாகவும் இருக்கும். தேத்தண்ணிக் கடையில் அதை யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

1970இல் சிறிமாவோ திரும்பி வந்தார். பீலிக்ஸும் வந்தார், முன்னைவிடக் கனமான அமைச்சுகளோடு. சாப்பாட்டு மேசையில் வாய் திறந்த ஸ்டான்லி சேனநாயக்க அந்த வருடமே பொலிஸ் மா அதிபரானார். பெண்சாதியிடம் உள்ளதைச் சொல்கிற மாப்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சீதனம் எங்கள் கரையிலும் கொடுத்ததில்லை. அடுத்த வருடம் லண்டனுக்குப் போய் முறையிடுகிற வாசலை அடைத்தார்கள். இனிமேல் எந்தச் சதிகாரனும் பிரபுக்களிடம் போய் அழமுடியாது. 1972 மே 22ஆம் திகதி மகாராணியையும் அனுப்பிவிட்டு நாடு குடியரசானது. புது நாடு, புது யாப்பு, புதுப் பெயர். முதல் நாள் இராத்திரி கோட்டையில் மகாராணி மாளிகையில் மகாதேசாதிபதியாகப் படுத்த கோபல்லாவ, மறுநாள் அதே மாளிகையில் நாட்டின் முதல் ஜனாதிபதியானார். மாமாவுக்கு வீடு மாறவேண்டிய சிரமம்கூட ஏற்படவில்லை.